கழுத்துவலியும் முதுகுவலியும்: முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

தண்ணீர் கேனைத் தூக்கும்போதோ, குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு நிமிரும்போதோ, எதையுமே செய்யாமல் காலையில் படுக்கையைவிட்டு எழும்போதோகூட இடுப்பு பிடித்துக்கொள்ளலாம். கழுத்தும் அப்படித்தான், இரவு நன்றாகத் தூங்கி எழுந்தவர் மறுநாள் காலையில் தலையைத் திருப்ப முடியாமல் தவிப்பார். அதுவரை இந்த வலியை அறியாதவர்களுக்கு முதல் நாள் பெரும் அச்சத்தைத் தரும். எலும்பு விலகிவிட்டதோ, ஜவ்வு கிழிந்துவிட்டதோ, இனி வேலைக்கே போக முடியாதோ என்று மனம் அலைபாயும். வந்து பார்ப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அந்த முதல் நாளில் தொடங்கி ஏறத்தாழ ஆறு வாரங்கள் வரை எதை எந்த வரிசையில் செய்வது என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; கழுத்துவலிக்கு அதே ஆண்டுக்கான மதிப்பீடு 20.3 கோடி. கீழ்முதுகு வலிக்காக மருத்துவரிடம் வருவோரில் பத்துக்கு ஒன்பது பேரிடம், இன்ன நோய்தான் காரணம் என்று சுட்டிக்காட்டக்கூடிய எதுவும் இருப்பதில்லை. தசை, தசைநார், சிறு மூட்டுகள், முள்ளெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் ஏற்பட்ட எரிச்சல் அது. பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள் நன்றாகத் தணிந்துவிடும். ஆகவே நம் முன் இரண்டு கடமைகள் இருக்கின்றன. மீதமுள்ள அந்த ஒருவரைத் தவறவிடக் கூடாது. ஒன்பது பேரை வீணாக நோயாளிகளாக்கிப் படுக்கவைக்கவும் கூடாது. நம் ஊரில் இரண்டு தவறுமே நடக்கின்றன, இரண்டாவது இன்னும் அதிகமாக நடக்கிறது என்பது என் கருத்து.

முதல் படி: அபாய அறிகுறிகள் உண்டா என்று பார்த்தல்

மாத்திரை, ஒத்தடம், தைலம் எதற்கும் முன்பாக, கீழே சொல்லப்படுபவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று நிதானமாகப் பாருங்கள். இருந்தால் இந்த வழிகாட்டியின் மற்ற பகுதிகள் இப்போதைக்கு உங்களுக்கானவை அல்ல. மருத்துவரிடம் போவதே அடுத்த வேலை.

மிக அவசரமானது, முதுகுவலியுடன் சிறுநீர் கழிப்பதில் புதிதாகத் தோன்றும் மாற்றம். சிறுநீர் வர மறுப்பது, முட்டிக்கொண்டு வரும் உணர்வே இல்லாமல் போவது, தெரியாமலேயே கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரு கால்களும் வலுவிழப்பது ஆகியவை தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து இறங்கும் நரம்புக் கொத்து நசுங்குவதைக் காட்டும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவைக் கடத்தக் கூடாது. 108ஐ அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வெட்கத்தால் இந்த அறிகுறிகளை வீட்டாரிடம்கூடச் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. பிறகு காலமெல்லாம் சிறுநீர்க் குழாயுடன் வாழ நேர்வது அந்தத் தாமதத்தால்தான்.

ஒரு கால் மட்டும் வலுவிழப்பதும் கவனிக்க வேண்டியதே. நடக்கும்போது ஒரு காலின் செருப்பு தானாகக் கழன்றுபோகிறதா, குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி நான்கு அடி நடக்க முடிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்கினால் அறிகுறிகள் மெல்ல வரும். வலி குறைவாகவே இருக்கலாம். சட்டைப் பித்தானைப் போடுவதிலும், சோற்றைப் பிசைவதிலும், கையெழுத்திடுவதிலும் விரல்கள் தடுமாறும், நடை தள்ளாடும். வயதாகிவிட்டது என்று இதை ஒதுக்கிவிடுவது பெரும் பிழை. சில நாட்களுக்குள் நரம்பியல் அல்லது எலும்பு முறிவு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் இருக்கிறது. மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, பசியின்மை, உடல் மெலிவு ஆகியவற்றுடன், படுத்தாலும் குறையாத முதுகுவலி வாரக்கணக்கில் நீடித்தால் அதை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். நுரையீரலில் காசநோய் இல்லாமல், இருமலே இல்லாமல் முதுகெலும்பில் மட்டும் வரலாம். அரசு மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் மருந்திலேயே குணமாகக்கூடிய நோய் இது. விட்டுவிட்டால் எலும்பு நொறுங்கிக் கூன் விழுந்து, கால்கள் செயலிழக்கும்வரை போகலாம்.

முன்பு மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல் போன்ற உறுப்புகளில் புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாகத் தொடங்கும் முதுகுவலியை உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் குளியலறையில் வழுக்கி விழுவது, பேருந்தின் கடைசி இருக்கையில் அமர்ந்து வேகத்தடையில் தூக்கிப் போடப்படுவது போன்ற சிறிய அதிர்ச்சியே முதுகெலும்பை முறித்துவிடலாம். இவர்களுக்கு எக்ஸ்ரே தேவை.

மாறாக, நாற்பது வயதுக்குள் மெல்லத் தொடங்கி மூன்று மாதங்களுக்கும் மேலாக நீடித்து, விடியற்காலையில் தூக்கத்தைக் கலைத்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்து, நடமாடினால் குறைந்து ஓய்வெடுத்தால் கூடும் வலி, முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். இதைப் பார்க்க வேண்டியவர் மூட்டுவாத மருத்துவர். இந்த நோயுள்ள இளைஞர்கள் சாதாரணப் பிடிப்பு என்று எண்ணிப் பல ஆண்டுகளை இழந்துவிடுகிறார்கள்.

கழுத்து, தாடை, இடது தோள் ஆகியவற்றில் வலியுடன் வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால் அது இதயமாக இருக்கலாம். காய்ச்சல், கடும் தலைவலியுடன் கழுத்தைக் குனிக்க முடியாமல் போனால் மூளையுறைக் காய்ச்சலாக இருக்கலாம். விலாவின் கீழிருந்து அடிவயிற்றுக்குப் பாய்ந்து, எப்படிப் படுத்தாலும் நிலைகொள்ள விடாமல் புரட்டி எடுக்கும் வலி சிறுநீரகக் கல்லின் இயல்பு. இவை எவையும் முதுகெலும்பின் கோளாறுகள் அல்ல.

வலி எங்கிருந்து வருகிறது

அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால், உடலின் அமைப்பைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது பயத்தைக் குறைக்கும். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 எனத் தனித்தனியாக அசையும் 24 முள்ளெலும்புகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே இணைந்துபோன எலும்புகளாலான திரிகமும் வால் எலும்பும் உள்ளன. எலும்புகளுக்கு நடுவே இருப்பவையே, பேச்சு வழக்கில் நாம் ஜவ்வு என்று சொல்லும் வட்டுகள். ஒவ்வொரு வட்டும் மேலும் கீழுமுள்ள எலும்புகளோடு உறுதியாக ஒட்டியிருப்பதால், அது நழுவி வெளியே வந்துவிடுவதில்லை. அதன் வெளிவளையம் பலவீனமாகும் இடத்தில் உள்ளிருக்கும் மென்பொருள் பிதுங்கும். அது அருகிலுள்ள நரம்பைத் தொட்டால் இடுப்பில் என்றால் காலுக்கும், கழுத்தில் என்றால் கைக்கும் வலி இறங்கும். பிட்டத்திலிருந்து முழங்காலையும் தாண்டிப் பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுக்கும் வலியைச் சயாட்டிகா என்கிறார்கள். பிதுங்கிய பகுதியை உடலே கரைத்து உறிஞ்சிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. சயாட்டிகாவிலும் பெரும்பாலானோர் அறுவை சிகிச்சையின்றியே மீள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாம் படி: முதல் மூன்று நாட்கள்

பலகையில் படு, அசையாதே, பத்து நாள் எழுந்திருக்காதே என்ற அறிவுரை ஒரு காலத்தில் மருத்துவர்களாலேயே சொல்லப்பட்டது. 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஏழு நாள் படுத்திருந்தவர்களைவிட இரண்டு நாள் மட்டும் படுத்திருந்தவர்கள் விரைவில் வேலைக்குத் திரும்பியதைக் காட்டியது. 1995இல் பின்லாந்தில் நடந்த ஆய்வில், படுக்கையில் ஓய்வெடுத்தவர்களையும் உடற்பயிற்சி செய்தவர்களையும்விட, தாங்கக்கூடிய அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே நன்றாகத் தேறினார்கள். வலி பொறுக்க முடியாத முதல் ஓரிரு நாட்களில் இடையிடையே படுப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எழுந்து வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும்.

படுக்கும்போது மல்லாந்து படுத்து முழங்கால்களுக்குக் கீழே இரண்டு தலையணைகளை வைத்துக்கொள்ளலாம். அல்லது ஒருக்களித்துப் படுத்து இரு முழங்கால்களுக்கும் இடையே ஒரு தலையணையை வைத்துக்கொள்ளலாம். எழுந்திருப்பதில்தான் பலரும் துடித்துப்போகிறார்கள். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயலாதீர்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒருசேர நகரும்படி ஒருபக்கமாகப் புரண்டு, கட்டிலின் விளிம்புக்கு வெளியே இரு கால்களையும் தொங்கவிட்டு, அதே நேரத்தில் கீழுள்ள முழங்கையாலும் மேலுள்ள கையாலும் படுக்கையை அழுத்தி உட்காருங்கள். கால்கள் இறங்கும் பாரமே உடம்பின் மேல்பாதியை உயர்த்த உதவும். பாயில் படுப்பவர்கள் புரண்டு, நான்கு கால் நிலைக்கு வந்து, ஒரு நாற்காலியைப் பிடித்து எழலாம். தும்மல் வரும் என்று தோன்றினால் ஒரு கையைச் சுவரிலோ மேசையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள்.

வெந்நீர் ஒத்தடம் நன்றாக உதவும். துணியால் சுற்றிய வெந்நீர்ப் பையை 15 முதல் 20 நிமிடம் வைத்தால் போதும். நீரிழிவால் தோல் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை முதலில் வேறொருவரின் கையால் சோதிக்கச் சொல்ல வேண்டும். தைலம் தேய்ப்பது இதமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம், அழுத்தி நீவி எலும்பை நகர்த்த யாரையும் விடாதீர்கள்.

மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையைப் பற்றிச் சற்று கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், ஐபுபுரோபென் வகை மருந்துகள் சில நாட்களுக்கு வலியைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் அவை தீங்கு செய்யக்கூடும்; மாதக்கணக்கில் சாப்பிட்டுச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் டயாலிசிஸ் பிரிவுகளில் இருக்கிறார்கள். ஆகவே மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டுமே அவற்றை எடுக்க வேண்டும். பாராசிட்டமால் அவற்றைவிடப் பாதுகாப்பானது. எனினும் புதிதாகத் தொடங்கிய கீழ்முதுகு வலியில் அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட விரைவாகக் குணம் தரவில்லை என்று 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. எடுப்பவர்கள் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோயாளிகளும் மது அருந்துபவர்களும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். தசைகளைத் தளர்த்தும் மாத்திரைகள் தூக்கத்தை வரவழைக்கும் என்பதால், அவற்றைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது.

ஸ்கேன் எப்போது வேண்டும்

அபாய அறிகுறி இல்லாத வலிக்கு முதல் ஆறு வாரங்களில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையில்லை. காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தேவையற்ற ஸ்கேன் ஒரு நோயையே உருவாக்கிவிடும் என்பதால்தான் வலியுறுத்துகிறேன். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. வலியற்ற இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் இருந்தது. வட்டுப் பிதுக்கம் இருபது வயதில் 30 விழுக்காடு, எண்பது வயதில் 84 விழுக்காடு. அதாவது ஸ்கேன் அறிக்கையில் தேய்மானம், பிதுக்கம் என்று எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி, தலைமுடி நரைப்பதைப் போல வயதோடு வரும் மாற்றம். அறிக்கையைப் படித்துவிட்டு, இடுப்பு எலும்பெல்லாம் தேய்ந்துபோனதாக நம்பி, குனியவே பயந்து வாழும் முப்பத்தைந்து வயதுப் பெண்களை எல்லா ஊரிலும் காணலாம். கை காலில் வலுவிழப்பு, ஆறு வாரங்களுக்கு மேலும் குறையாத நரம்புவலி, அல்லது அறுவை சிகிச்சையை எண்ணும் கட்டம், இவற்றில்தான் ஸ்கேன் உண்மையாகப் பயன்படுகிறது.

மூன்றாம் படி: நடையும் பயிற்சியும்

நான்காம் நாள் முதல் சமதளத்தில் நடக்கத் தொடங்குங்கள். ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் என்று நாளைக்கு இரண்டு, மூன்று வேளை போதும். இரண்டு நாட்களுக்கு ஒரு முறை ஓரிரு நிமிடங்களைக் கூட்டி, தொடர்ந்து முப்பது நிமிடம் நடக்கும் நிலைக்கு வர வேண்டும். நடக்கும்போது சிறிது வலிப்பது கேடல்ல. வலி கூடினாலும் மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் உங்கள் அளவு சரி. இறங்காவிட்டால் அடுத்த நாள் நேரத்தைப் பாதியாக்குங்கள். முதுகுவலி குறைந்து காலில் மட்டும் வலி கூடிக்கொண்டே கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு இயன்முறை மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாம் வாரத்தில் இடுப்பைத் தாங்கும் தசைகளுக்கான பயிற்சியைச் சேர்க்கலாம். பல பயிற்சிகள் இருந்தாலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்றைச் சரியாகக் கற்றுக்கொள்வதே மேல் என்பதால், அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தரையில் விரித்த ஜமக்காளத்தின் மேல் கைகளும் முழங்கால்களும் ஊன்றிய நிலைக்கு வாருங்கள். மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழேயும், முழங்கால் இடுப்புக்கு நேர் கீழேயும் இருக்கட்டும். வயிற்றை உள்ளிழுக்காமல், யாரோ விரலால் குத்த வருவதாக எண்ணி இலேசாக இறுக்கிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்காமல் வலது காலைப் பின்னோக்கி, பிட்டத்தின் உயரத்தைத் தாண்டாமல் நீட்டுங்கள். அது ஆடாமல் நிற்குமென்றால் இடது கையையும் முன்னோக்கி நீட்டுங்கள். எட்டு விநாடி அப்படியே இருந்து இறக்கி, பக்கத்தை மாற்றுங்கள். முதுகின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் சிந்தாத அளவுக்கு இடுப்பு அசையாமல் இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஆறு முறை செய்து, சற்று ஓய்ந்து, நான்கு முறை, பிறகு இரண்டு முறை என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். காலையும் கையையும் உயரத் தூக்கி இடுப்பை வளைப்பதுதான் இதில் வழக்கமாக நிகழும் பிழை. இத்துடன், மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பிட்டத்தை மட்டும் மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சியைப் பத்து முறை செய்யலாம்.

கழுத்துவலிக்கு: நிமிர்ந்து உட்கார்ந்து, பார்வையை நேராக வைத்துக்கொண்டு, தாடையைக் கீழே குனிக்காமல் பின்னோக்கி இழுத்து ஐந்து விநாடி வைத்து விடுங்கள், பத்து முறை. அடுத்து, தோள்களைக் காதை நோக்கி உயர்த்தாமல் தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகின் நடுவே சேர்த்து ஐந்து விநாடி வைத்து விடுங்கள். பிறகு தலையை வலப்பக்கமும் இடப்பக்கமும், வலி தொடங்கும் எல்லைவரை மெல்லத் திருப்புங்கள். தலையை வட்டமாகச் சுழற்றும் பயிற்சி வேண்டாம். தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்கு, தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து தரப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பெயரைப் பதிந்துகொள்வார்கள்.

நான்காம் படி: அன்றாட வேலைகளைத் திருத்துதல்

நாம் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நம் உயரம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் கூடுதலாக இருப்பதற்கு அதுவே காரணம். அப்போது ஆழமாகக் குனிந்தால் வட்டின் மேல் விழும் அழுத்தம் அதிகம். ஆனால் நம் வீடுகளில் பெண்கள் எழுந்ததும் முதலில் செய்வதே வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, குனிந்து கோலம் போடுவதுதான். வலியுள்ள வாரங்களில் இந்த வரிசையை மாற்றுங்கள். எழுந்ததும் நடமாடிச் செய்யும் அடுப்படி வேலைகளை முடித்துவிட்டு, முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து வாசலுக்கு வாருங்கள். நீளமான கைப்பிடியுள்ள துடைப்பத்தால் பெருக்குங்கள். கோலத்துக்குச் சிறு மணைப்பலகையில் அமர்ந்துகொள்ளலாம், அல்லது அந்தச் சில வாரங்களுக்கு வீட்டில் வேறொருவர் போடட்டும்.

20 லிட்டர் தண்ணீர் கேனின் எடை ஏறத்தாழ 20 கிலோ. அதைத் தூக்கும்போது பாதங்களைக் கேனின் இருபுறமும் அகட்டி வைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, கேனை வயிற்றோடு அணைத்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். திரும்ப வேண்டுமானால் இடுப்பைத் திருகாமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள். தரையிலிருந்து ஒரே மூச்சில் டிஸ்பென்சரின் மேல் ஏற்றாமல், நடுவே ஒரு நாற்காலியில் இறக்கிப் பிடியை மாற்றிக்கொள்வது நல்லது. கடும் வலி இருக்கும் நாட்களில் தூக்கவே வேண்டாம். கேனைத் தரையிலேயே வைத்துக் கைப்பம்பைப் பொருத்திக்கொள்ளலாம். நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர் 30 கிலோவை ஒட்டி வருவதால் அதைக் கொண்டுவருபவரிடமே உரிய இடத்தில் வைத்துத் தரச் சொல்லுங்கள். தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி வராமல் தடுக்க முடிவதில்லை என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வலியுள்ள காலத்தைக் கடக்க முறை உதவும், நீண்ட காலத்துக்கு உதவுவது தசைகளின் வலுதான்.

உட்கார்ந்து வேலை செய்பவர்கள் விலையுயர்ந்த நாற்காலியைத் தேடுவதைவிட அரை மணிக்கு ஒரு முறை எழுவதையே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். மடிக்கணினியைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி, தனி விசைப்பலகை வைத்துக்கொண்டால் கழுத்து குனியாது. தலையின் எடை 5 கிலோவை ஒட்டியது. கைப்பேசியை மடியில் வைத்துக் குனியும்போது அந்தப் பாரத்தைக் கழுத்தின் பின்தசைகள் பல மடங்காகச் சுமக்கின்றன. முழங்கையை உடலோடு ஒட்டி, கைப்பேசியை மார்புக்கு மேலே பிடியுங்கள். இருசக்கர வாகனத்தை முதல் இரண்டு வாரங்களுக்குத் தவிர்ப்பது நலம்; முடியாதவர்கள் குண்டும் குழியுமான பாதையை விட்டு, நீளமானாலும் நல்ல சாலையில் செல்லலாம். பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்வது இடுப்பைத் திருகிய நிலையில் வைத்திருக்கும் என்பதால் நெடுந்தொலைவுக்கு உகந்ததல்ல.

வெறும் தரையே முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2003இல் ஸ்பெயினில் 313 பேரிடம் நடந்த ஆய்வில், மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்தது. தொய்ந்துபோன கயிற்றுக் கட்டிலும் வேண்டாம், வெறும் சிமெண்டுத் தரையும் வேண்டாம். தென்னை நார் மெத்தையின் மேல் ஒரு பஞ்சு மெத்தையோ இரண்டு கம்பளியோ போட்டால் அந்த நடுநிலை கிடைக்கும். தலையணை, ஒருக்களித்துப் படுக்கும்போது காதுக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பினால் போதும்.

செய்யக் கூடாதவை

முடிதிருத்தகத்தில் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கெடுக்க விடாதீர்கள். கழுத்தெலும்பின் ஓட்டைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் செல்கின்றன. அந்தத் திடீர்த் திருகலில் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. இடுப்பு பெல்ட்டையும் கழுத்துக் காலரையும் பயணம் போன்ற நேரங்களில் ஓரிரு நாள் அணியலாம். மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தால் தசைகள் மெலியும். நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியுள்ளது.

ஆறு வாரங்களுக்குப் பிறகு

ஆறு வாரங்களில் பாதியளவுகூடக் குறையாத வலிக்கு மருத்துவரை மீண்டும் பார்க்க வேண்டும். போகும்போது வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, இதுவரை எடுத்த மருந்துகள் என்னென்ன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டமான புறநோயாளிகள் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்கள் வீணாகாது. சயாட்டிகாவுக்கு அறுவை சிகிச்சை சொல்லப்பட்டால், கால் வலுவிழந்துகொண்டே போகிறதா என்று கேளுங்கள். அப்படி இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. வலி மட்டுமே காரணமென்றால் முடிவெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் முன்னதாகவே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி விரைவில் நீங்கியது. ஆனால் ஓராண்டு முடிவில் அவர்களும் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள்.

மூன்று மாதங்களைக் கடந்த வலியில் நரம்பு மண்டலமே கூர்மையடைந்து, சிறு அசைவையும் வலியாக உணரத் தொடங்குகிறது. தூக்கமின்மை, வேலை போய்விடுமோ என்ற கவலை, மனச்சோர்வு ஆகியவை அதைக் கூட்டுகின்றன. இதைச் சொன்னால், என் வலி கற்பனை என்கிறீர்களா என்று சிலர் வருந்துகிறார்கள். வலி முழுக்க உண்மையானது. தூக்கத்துக்கும் மனத்துக்கும் உரிய உதவியைப் பெறுவதும் அந்த உண்மையான வலிக்கான சிகிச்சையே.

குணமானவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்ப வருவதுண்டு. இதைத் தள்ளிப்போடும் வழிகளில் மிக மலிவானது நடை. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலுடன், வாரத்துக்கு ஐந்து முறை முப்பது நிமிட நடை என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாகப் பயின்றவர்களுக்கு வலி திரும்ப வர எடுத்த காலத்தின் இடைநிலை 208 நாட்கள். மற்றவர்களுக்கு 112 நாட்கள். அப்படியும் திரும்ப வந்தால் முதலில் அபாய அறிகுறிகளை மறுபடி பாருங்கள். எதுவும் இல்லையென்றால் இரண்டு நாட்கள் வேலையைக் குறைத்து ஒத்தடம் கொடுங்கள். பயிற்சியை அடியோடு நிறுத்தாமல், வழக்கமான எண்ணிக்கையில் பாதியைச் செய்து, ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.